துவக்கு அறையில் பால் பொங்கிய காலை

கள்ளன் உள்ளே வராமலிருக்கத்தான் உலகத்தில் எல்லோரும் கதவு போடுகிறார்கள். உள்ளே வந்த கள்ளன் வெளியே போகாமலிருக்கவும் சேர்த்துக் கதவு போட்ட அறிவாளி, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அந்தக் கதவுக்குள் இன்றுவரை ஒரு கள்ளனும் அகப்படவில்லை. அகப்பட்டவர்களில் என் மாமியாரும் ஓர் ஐயரும் அடக்கம்.

இது ஆறு வருடத்துக்கு முன் தொடங்கிய கதை. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. (அந்த வயதில் சில ஆண்கள் தலைமயிருக்கு மை பூசுவார்கள், சிலர் சைக்கிள் வாங்குவார்கள். எனக்கு வந்த நோய் வேறு.) வேலையிடத்தில் பீட்டர் என்றொரு நண்பர். வருடா வருடம் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறவர். ஒரு சனிக்கிழமை என்னையும் துவக்குச் சுடப் பழகும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபது தடவை சுட்டேன். எதிரே இருந்த இலக்குக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் என் புத்திக்கு அன்றே சேதம் வந்துவிட்டது. வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், லைசென்ஸ் எடுத்தேன், இரண்டே வருடத்தில் ஒரு 'கலெக்ஷ'னுக்குச் சொந்தக்காரன் ஆனேன். கலெக்ஷன் என்றால் மூன்று துவக்குகள். ஒன்று பழைய வேட்டைத் துவக்கு. அடுத்தது அதைவிடப் பழசு. மூன்றாவது சுடாது.

மனைவி சுகந்திக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் என்னெண்டால் லைசென்ஸ் எடுத்துத் துவக்கை வீட்டுக்குக் கொண்டு வாறியள்."

"இது வேறை, அது வேறை சுகந்தி. இது ஹொபி."

"எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

நான் சிரித்தேன். பள்ளிக்கூட வயதில் ரியூஷனுக்குப் போகும் வழியில், ஆமிக்காரர் மறிக்கும் சென்றியில் சைக்கிளை விட்டு இறங்கி, கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். அப்போது என் நெஞ்சுக்கு நேரே நீண்ட துவக்கின் மறுமுனையில் ஒரு நாளாவது நான் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் கிடந்திருக்கவேண்டும். அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'ஹொபி' என்று சொல்லிச் சிரித்தேன், அப்படித்தான் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கடைசியில் அவள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"சரி, வைச்சிருங்கோ. ஆனால் உந்தச் சாமானாலை ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீட்டுக்குப் பொலிஸ் வந்துதெண்டால், அண்டைக்கே மூண்டும் வெளியாலை போகவேணும். பிறகு ஞாயம் கதைக்கக் கூடாது."

"ஓம்," என்றேன். பொலிஸ் ஏன் வரப்போகிறது? பொலிஸே பார்த்துப் பொறாமைப்படும் அறையை அல்லவா நான் கட்டப்போகிறேன்!

கனடாவில், எங்கள் ஸ்காபரோவில், வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் உள்ள தமிழன் அதை வாடகைக்கு விடுவான். அல்லது கரோக்கி போட்டு அக்கம்பக்கத்தைக் கொல்லுவான். நான் அதில் பாதியைத் தடுத்து, சுவருக்குள் இரும்புத் தகடு வைத்து, துவக்கு அறை கட்டத் தொடங்கினேன். கட்டியவன் குகன், என் மனைவியின் தங்கை வதனியின் கணவன். வீடு திருத்துவதுதான் அவன் தொழில். நல்ல வேலைக்காரன். அவனுடைய ஒரே பிழை, நான் சொன்னதையெல்லாம் செய்தது.

உள்ளே என்னென்ன இருந்தன என்கிறீர்களா? மரகதப் பச்சை வெல்வெற் ஒட்டிய கண்ணாடி அலுமாரி. அதற்குள் வரிசையாகச் சிறு விளக்குகள். ஈரத்தை உறிஞ்சும் மெஷின், அதன் தண்ணீர் அறைக்கு வெளியே போக நிலத்தோடு ஒரு குழாய்த் துவாரம். கமரா. புகைக்கு ஓர் அலாரம், சூட்டுக்கு ஓர் அலாரம். சத்தம் வெளியே கேட்காத சுவர். (சுடாத துவக்கு என்ன சத்தம் போடும் என்று நான் யோசிக்கவேயில்லை.) எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்பக்கம் இலக்கம் அமத்தித் திறக்கும் இரும்புக் கதவு. இலக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும். சுகந்தி ஒருமுறை கேட்டபோது, "எங்கடை வாழ்க்கையிலை முக்கியமான ஒரு நாள்," என்று சொல்லிக் கண்ணடித்தேன். அவள் வெட்கப்பட்டாள். உண்மையில் அது எனக்குத் துவக்கு லைசென்ஸ் கிடைத்த நாள்.

கதவைப் பொருத்தும்போது குகன் சொன்னான்:

"அண்ணை, உள்பக்கமும் ஒரு பிடி வந்திருக்கு. இலக்கம் இல்லாமல் உள்ளுக்கிருந்து திறக்கலாம்."

"அதைக் கழட்டும்."

"ஏனண்ணை?"

"கள்ளன் உள்ளுக்கு வந்து கதவு சாத்துப்பட்டால் அவனும் திறந்துகொண்டெல்லோ போயிடுவான்? கழட்டிப்போட்டுத் தகடு அடியும். பொலிஸ் வருமட்டும் உள்ளுக்கை கிடக்கட்டும்."

குகன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பிடியைக் கழற்றினான். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை, வியப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அறை முடிந்தது. துவக்குகளை உள்ளே வைக்கலாம் என்றபோது சுகந்தியின் அம்மா, என் மாமி, தடுத்தார்.

"தம்பி, பால் காச்சாமல் ஒண்டும் உள்ளுக்கை போகக்கூடாது."

"மாமி, பால் காச்சுறது புது வீட்டுக்கு. இது துவக்கு வைக்கிற அறை."

"அதாலைதான் சொல்லுறன். நல்ல சாமான் வைக்கிற அறையெண்டால் காச்சாமலும் விடலாம்."

மூன்று துவக்குகளும் மேல்மாடியில் பழைய இரும்பு அலுமாரிக்குள் பூட்டியபடி காத்திருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுபநேரம் குறித்தோம். ஐயருக்கும் சொன்னோம். கனடாவின் தமிழ் ஐயர்மாருக்கு வீடு, கடை, கார் எல்லாவற்றுக்கும் மந்திரம் தெரியும். துவக்கு அறை என்றதும் இவர் சற்றுத் தடுமாறி, "ஆயுத பூசைக் கணக்கிலை செய்யலாம்," என்றார். "ஆனா கெதியா முடிக்கவேணும். பத்தரைக்கு எனக்கு யூனியன்வில்லிலை ஒரு புதுவீட்டுக் குடிபூரல்."

லட்சுமி வரட்டும் என்று மாமி வீட்டு வாசற்கதவை அகலத் திறந்துவைத்தார். நாங்கள் ஆறு பேர் கீழே இறங்கினோம்: ஐயர், மாமி, சுகந்தி, வதனி, குகன், வேட்டி சால்வையோடு நான். மகள் அபி மட்டும் மேலே நித்திரை. பச்சை வெல்வெற்றுக்கு முன்னால் கோலம் போட்டு, சின்ன காஸ் அடுப்பை வைத்து, பித்தளைப் பானையில் பால் ஊற்றினார்கள். ஒரு தட்டில் சாம்பிராணி புகைந்தது. அறைக்கு வெளியே வீட்டைச் சூடாக்கும் மெஷின் ஓட, கதவு வழியாக வந்த காற்றில் அடுப்பு நூர்ந்து நூர்ந்து போனது.

"காத்து வருது, ஆராவது கதவைக் கொஞ்சம் மறையுங்கோ," என்றார் ஐயர்.

மறைத்தால் போதும். ஒரு ஆள் வாசலில் நின்றால் போதும். ஆனால் இரும்புக் கதவின் அருமையை உலகுக்குக் காட்ட எனக்கு இதைவிட நல்ல தருணம் எப்போது வரும்?

"எல்லாரும் ஒருக்கால் பேசாமல் இருங்கோ. இந்தச் சத்தத்தைக் கேளுங்கோ," என்று சொல்லிக் கதவைத் தள்ளினேன்.

'டொக்' என்றது. அருமையான சத்தம்.

குகன்தான் முதலில் என்னைப் பார்த்தான். அதே பழைய பார்வை. இந்த முறை அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"அண்ணை..." என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. "கிழக்காலை பொங்குது! நல்ல சகுனம்!" என்று மாமி கைதட்டினார். பால் அடுப்பில் வழிந்து கருகிப் புகைந்தது. சாம்பிராணிப் புகையும் சேர, புகை அலாரம் முதலில் அலறியது. சூட்டு அலாரம் பின்பாட்டுப் பாடியது. குகன் பாய்ந்து அடுப்பை நூர்த்தான். ஐயர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அது மந்திரமில்லை என்பது மட்டும் வாயசைவில் தெரிந்தது.

இனி என் ஏற்பாட்டின் திறமையைக் கேளுங்கள். அலாரம் அடித்தால் கண்காணிக்கும் கொம்பனி முதலில் என் கைத்தொலைபேசிக்கு எடுக்கும். நான் எடுக்காவிட்டால் சுகந்திக்கு. அவளும் எடுக்காவிட்டால் குகனுக்கு. மூன்று பேரும் இரும்புத் தகடு வைத்த சுவருக்குள், ஒரு கோடு சிக்னல் இல்லாமல், பாலில் நனைந்த காலோடு நின்றுகொண்டிருந்தோம். மூவரும் எடுக்காவிட்டால்? துவக்கு அறை என்று நானே பெருமையோடு பதிந்து கொடுத்திருந்ததால், கொம்பனி நேரே பொலிஸுக்கு எடுத்தது.

பொலிஸ் வந்து பார்த்தபோது வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் ஆறு சோடிச் செருப்பு. வீட்டுக்குள் ஒரு மனிதரையும் காணவில்லை. பேஸ்மென்ட் பக்கமாகப் புகை வாசம். பொலிஸ் கூப்பிட்ட சத்தம் கேட்டு எழும்பி வந்த என் மகள், கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நிலைமையைத் தெளிவாக்கினாள்.

"இட்ஸ் ஓகே ஒஃபிசர், தே ஆர் ஜஸ்ட் பிளெஸ்ஸிங் த கன் றூம்."

இதைவிடத் தெளிவாக எங்களை யாரும் காட்டிக்கொடுத்திருக்க முடியாது.

அலாரங்கள் களைத்து ஓய்ந்தபோது, குழாய்த் துவாரம் வழியாக, பேஸ்மென்ட் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் வேட்டியோடு பாலில் முழங்காலிட்டு, குழாய்த் துவாரத்தில் வாயை வைத்து, "நாங்கள் உள்ளே இருக்கிறோம்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். ஒரு பெண் அதிகாரியின் குரல் நிதானமாகக் கேட்டது, உள்ளே எத்தனை துவக்கு இருக்கிறது என்று.

"ஒன்றுமில்லை!"

"அப்படியென்றால் உள்ளே என்ன இருக்கிறது?"

"பால்!"

'பாலா?' என்று கூட வந்த மற்ற அதிகாரி கேட்பது காதில் விழுந்தது.

"அப்பா, கதவு கோட் என்ன?" என்று அபி கத்தினாள்.

என்னைச் சுற்றி ஐந்து பேர். சுகந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவை பிழையாக அமத்தினால் கதவு மேலும் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். இரண்டு தடவை வீணாக்கலாம் என்று கணக்குப் போட்டு, மானத்தைக் காப்பாற்ற, எங்கள் கலியாண நாளைக் கத்தினேன்.

"நொட் வேர்க்கிங் அப்பா!"

வதனி என் தோளில் தட்டினாள். "அத்தான், அது எங்கடை கலியாண நாளெல்லோ?"

சுகந்தி முகத்தை வெல்வெற் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவசரத்தில் அபியின் பிறந்தநாளைக் கத்தினேன். அதுவும் திறக்கவில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "தம்பி, எனக்குப் பத்தரை," என்றார் ஐயர் பரிதாபமாக. மிஞ்சியது உண்மை ஒன்றுதான். லைசென்ஸ் கிடைத்த நாளைச் சொன்னேன்.

கதவு திறந்தது.

அதிகாரிகள் இருவரும் துவக்கை எடுக்கவில்லை. அவர்களின் கை இடுப்புக்கு அருகே இருந்தது, அவ்வளவுதான். கையைத் தூக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் நாங்கள் ஆறு பேரும் கைகளைத் தூக்கியபடி நின்றோம். மாமி பால் கிண்டிய அகப்பையோடு, ஐயர் மணியோடு. எல்லோருக்கும் முதலில், அன்று சென்றியில் போலவே, தூக்கியவன் நான். அந்தப் பெண் அதிகாரி, "தயவுசெய்து கைகளை இறக்குங்கள்," என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் என்னால் இறக்க முடிந்தது. அன்று எனக்கு வந்த வெட்கம் பொலிஸ் வந்ததால் வந்ததல்ல.

அவர்கள் மேலே போய்ப் பழைய அலுமாரியைப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. "இதுவே போதுமே, கீழே எதற்கு அது?" என்று கேட்டார் அந்த அதிகாரி. ஐயரை மட்டும் காரில் அவசரமாக அனுப்பிவைத்தோம். அவர் தட்சணை வாங்கவும் நிற்கவில்லை.

வீடு அடங்கியதும் சுகந்தி சொன்னாள், "மூண்டையும் பீட்டரிட்டைக் குடுங்கோ."

"ஓம்," என்றேன். ஞாயம் கதைக்கவில்லை. என் கைகள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன.

துவக்குகள் முறைப்படி பீட்டரின் பெயருக்குப் போயின. சுடாததையும் அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். குகன் உள்பக்கப் பிடியைத் திரும்பப் பொருத்தினான். அறை இப்போது மாமியின் ஆட்சியில் இருக்கிறது. பச்சை வெல்வெற்றின் மேல், வரிசை விளக்குகளின் கீழ், ஈரம் படாமல், கமராக் காவலோடு இருப்பவை மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, கூறைச்சேலைகள். கனடாவிலேயே பாதுகாப்பான மிளகாய்த்தூள் எங்களுடையதுதான்.

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் குடிபூரல் என்றாலும் இன்றைக்கும் என்னை உள்ளே விடமாட்டார்கள். போன மாதம் றிச்மண்ட் ஹில்லிலும் அதுதான் நடந்தது. பால் பொங்குமட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பது என் பொறுப்பு. "அத்தான், கதவு திறந்திருக்கோ?" என்று உள்ளேயிருந்து வதனி கேட்பாள். வீடே சிரிக்கும். அந்த ஐயர் வந்திருந்தால் அவர் மட்டும் சிரிக்காமல், ஒருமுறை எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்வார்.

அறையின் இலக்கத்தை அந்த வாரமே சுகந்தி மாற்றிவிட்டாள். என்ன இலக்கம் என்று கேட்டேன். "எங்கடை வாழ்க்கையிலை முக்கியமான ஒரு நாள்," என்று சொல்லிக் கண்ணடித்தாள். அன்றிலிருந்து எங்கள் கலியாண நாள் எனக்கு மறப்பதேயில்லை. மறந்தால் கறிக்குத் தூள் கிடையாது.