பி.எஸ்.ஏ. 4.6: விளக்கம் கோருதல் தொடர்பாக

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் ஊழியர் அனைவரும் புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்து, முடிவை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். பாவம், வந்து சேர்ந்த இடம் சரியில்லை.

பதிவறை எழுத்தருக்கு 4.6 என்று முடிவு வந்தது. பக்கத்திலேயே 'நான்குக்குள்' என்று அச்சடித்திருந்தது. மனுஷர் புராஸ்டேட் புற்றுநோயேதான் என்று தானே முடிவுகட்டி, இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரம்மா அதட்டினார். "இந்த எண் புத்துநோய்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. வயசானா அந்தச் சுரப்பி வீங்கும், இது கூடும். கிருமி தொத்தினாலும் கூடும், சைக்கிள் மிதிச்சாலும் கூடும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சைக்கிளைத் தொடாதீங்க."

மறுபரிசோதனைக்கு அரைநாள் விடுப்புக் கேட்டு அதிகாரி முன் நின்றார் எழுத்தர்.

"விடுப்பு அப்புறம். எல்லை நாலு. யாரைக் கேட்டு 4.6 வரைக்கும் போனீங்க?"

"நான் போகலை சார். அதுவா ஏறிடுச்சு."

"அதுவா ஏறுதுன்னா உங்க மேற்பார்வை சரியில்லைன்னு அர்த்தம். முதல்ல இந்த மீறலை முறைப்படுத்தணும். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். கோப்பு ஐந்து மேசை ஏறி இறங்கியது. ஆறாவது வாரம் ஆணை வந்தது: 'சிறப்பு நேர்வாகக் கருதி, மேற்படி ஊழியர் 4.6 வரை வைத்துக்கொள்ள இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.'

அலுவலகமே கைகுலுக்கியது. 1.1 வாங்கியிருந்த தட்டச்சர் காதருகே குனிந்தார். "எப்படிண்ணே வாங்குனீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிவிடுங்களேன்."

எழுத்தருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முத்திரையே விழுந்தாகிவிட்டது, இனி நோய் எந்தத் துணிச்சலில் வரும்? வீட்டுக்குப் போய் ஆணையை மனைவியிடம் நீட்டினார்.

"இதை உங்க ரத்தத்துக்கு யாரு படிச்சுக் காட்டுறது? கிளம்புங்க" என்றாள் அவள்.

இந்தத் தடவை 2.3. "இப்போதைக்குப் பயமில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி வாசலிலேயே எழுத்தர் அழுதுவிட்டார். மனைவி அவர் கையை விடவேயில்லை.

விதிப்படி முடிவை அலுவலகத்தில் ஒப்படைத்தார். மறுநாள் மேசையில் குறிப்பாணை கிடந்தது: 'அனுமதிக்கப்பட்ட 4.6இல் 2.3 மட்டுமே பயன்படுத்தப்பட்டுள்ளது. மீதியை வீணடித்தமைக்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தருக.'

அப்போதாவது அவர் சிரித்திருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? பேனாவைத் திறந்ததும் கை தானாக ஓடியது.

'தவறுக்கு வருந்துகிறேன். வரும் ஆண்டில் முழு அளவும் எட்டப்படும் என உறுதியளிக்கிறேன்.'