ஒற்றைச் செருப்பும் உடைந்த வளையலும்

கூச்சம் உள்ளவன் துப்பறியும் நாவல் படிக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் வேறெதையும் படித்ததில்லை. அந்த நாவல்களில் ஒற்றைச் செருப்பு சும்மா கிடக்காது. வளையல் உடைந்திருந்தால் பக்கத்தில் பிணம் நிச்சயம்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருஷம். தலத்தெருவிலிருந்து நெடுங்காட்டுக்குப் பெண் பார்க்க என்னை வண்டியில் அழைத்துப் போனார் தாய்மாமன். ("எந்தப் பொண்ணயும் நீ நிமிந்து பாத்ததில்ல. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னய வுட்டுடு.")

பெண் காப்பி கொடுத்தாள். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். வாசற்படியருகே ஆண்பிள்ளைச் செருப்பு, ஒன்றே ஒன்று. தூணடியில் பச்சை வளையல் துண்டுகள். அங்கிருந்து கொல்லைப்பக்கம் வரை சிவப்புச் சொட்டுகள். கூடவே எதையோ இழுத்துப்போன தடம். காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"பொண்ண பாத்துக்கிட்டீங்களா தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

பெண்ணை யார் பார்த்தது? மாமாவின் காதில், "எழுந்திரிங்க மாமா, இந்த வூட்டுல யாரையோ கொன்னு கொல்லையில போட்ருக்காங்க" என்றேன். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத என் குரல், பயத்தில் கூடம் முழுக்கக் கேட்டது.

மாமா கண்களை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா துண்டை உதறி எழுந்தார். "கிளம்புங்க."

"செத்த இருங்கப்பா" என்றாள் பெண். பிறகு என்னிடம், "கோலத்துக்குக் காவி கரைச்சு வச்சிருந்தேங்க. கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு வந்து சட்டியத் தட்டிவுட்டுடுச்சு. அப்பா செருப்பால எறிஞ்சாங்க, அது கூரை மேல கெடக்கு. நான் கயித்தப் புடிச்சு இழுத்தேன், வளையல் போச்சு. பெருக்குறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. பொணத்தப் பாக்கணுமா?"

கொல்லையிலிருந்து பிணம் 'ம்மா' என்றது.

அப்போதுதான் நிமிர்ந்தேன். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிருக்கு" என்றேன், யாரும் கேட்காமலே.

"பொண்ணயா, கன்னுக்குட்டியவா?" என்றார் அவள் அப்பா, கோபம் இன்னும் ஆறாமல். எதைக் கேட்டாலும் தலையாட்டுவது என் வழக்கம். ஆட்டினேன். இரண்டுமே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

கன்றுக்கு என் மனைவி வைத்த பெயர் கொலகாரி. இப்போது கொட்டிலில் நிற்பது அதன் பேத்தி. அதற்கும் அதே பெயர். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவள் உள்ளேயிருந்து சத்தமாகச் சொல்வாள்: "ஆளு வந்திருக்காங்க. கொலகாரிய அவுத்துக்கிட்டு வாங்க."

பால் கறக்கத்தான் என்பதை மட்டும் நிதானமாக, கொஞ்ச நேரம் கழித்துச் சொல்வாள். அதற்குள் வந்தவர் தரையைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்.