மூன்றாவது வளைவில் எடுத்த சாவி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் என் வலது முழங்காலைத் தவிர யாவரும் நலம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், இந்தக் கடிதத்தில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். போன கடிதத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டு அனுப்பியிருந்தீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நிற்க. நானும் என் மனைவியும் ஊரைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டு மாடி அறைக்கே வந்துவிட வேண்டும் என்று மகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது தாங்கள் அறிந்ததே. கூப்பிட்டது மகள்தான். தங்கள் புதல்வர், அதாவது என் மாப்பிள்ளை, இது பற்றி இதுவரை வாயே திறக்கவில்லை. அவர் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களோடு மட்டுமே பேசிப் பழகியவர். கல்யாணமாகி மூன்று வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை, நீங்க?" "ஆச்சு மாமா." அவ்வளவுதான். கூப்பிடாத வீட்டில் போய் உட்கார எனக்கு எப்படி மனம் வரும், சொல்லுங்கள்.

இதற்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் மட்டும் வெளியில போயிட்டு வாங்க. சண்டை போடாம வீடு வந்து சேர்ந்தா, மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிடறேன்" என்றாள். போகும் இடம், நாங்கள் பத்து நாளாக வந்து தங்கியிருக்கும் இந்த ஊரின் பழைய சந்தைப்பகுதி. போகும் காரியம், ஜியோகேச்சிங். பதறாதீர்கள், நோய் அல்ல, விளையாட்டு. வேலையில்லாத யாரோ ஊர் முழுவதும் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தைப் போனில் போட்டுவிடுகிறார்கள். அதே அளவு வேலையில்லாத வேறு யாரோ போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அதற்குச் சமமானதோ மேலானதோ ஒன்றை வைக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் யாருக்கும் தெரியக் கூடாது. இதில் கடைசி விதியை நாங்கள் முதல் பெட்டியிலேயே கோட்டை விட்டோம்.

அந்தப் பெட்டி சந்தை வாசலில் ஒரு பெஞ்சுக்கு அடியில் இருந்தது. "செருப்புக்கு நாடா கட்டற மாதிரி குனிஞ்சு எடுத்துடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. நான் போட்டிருந்தது நாடா இல்லாத செருப்பு. இல்லாத நாடாவை நான் வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பழக்காரம்மா, "ஐயோ, பெரியவரு மயக்கம் போடறாரு!" என்று கத்திக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் கொட்டிவிட்டாள். சந்தையே கூடிவிட்டது. ஒருவர் விசிறினார். ஒருவர் என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கட்டைவிரல் அளவு பெட்டியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கொஞ்சம் மயக்கமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு எழுந்து வந்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டார் என்பது அவர் காது ஆடியதில் தெரிந்தது.

அடுத்த பெட்டியில்தான் சனி பிடித்தது. சந்தையின் பின்பக்கம் கல் வளைவுகள் வரிசையாக இருக்கின்றன, மொத்தம் பதினைந்து. "மூன்றாவது வளைவு, இடது பக்கம், ஆடும் கல்லுக்குப் பின்னால்" என்று போனில் குறிப்பு. நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் அலுவலகத்தில் எதற்கு எண் போட்டாலும் வடமேற்கு மூலையிலிருந்துதான் தொடங்குவோம். ஊர் உலகமும் அப்படித்தான் எண்ணும் என்று நினைத்து வடமேற்கிலிருந்து எண்ணி மூன்றாவது வளைவுக்குப் போனேன். மாப்பிள்ளை எதிர்முனைக்குப் போனவர், அங்கே ஒரு நோயாளியிடம் மாட்டிக்கொண்டார். நடுவீதியில் நின்று அந்த மனிதர் வாயைப் பிளந்து காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல் ஆடியது சம்பந்தி! பின்னால் தகர டப்பா. உள்ளே ஒரு பெரிய பித்தளைச் சாவி, மடித்த காகிதம். காகிதத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியும், பக்கத்தில் ஒரே ஆளின் சுருக்கொப்பமும். வாரம் தவறாமல் இதே பெட்டியைத் தேடி வருகிறானே, பாவம், என்று அவனுக்காக வருத்தப்பட்டேன். பிறகு முழுப்பெயர் எழுதி, "நேரில் கண்டேன். நில அளவை மேற்பார்வையாளர் (ஓய்வு). முகாம்: பல் மருத்துவர் இல்லம்" என்று கையெழுத்திட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, அதைவிட மேலானதாக என் புது அளவு நாடாவை வைத்துவிட்டு வந்தேன்.

"போன் வேற பக்கம் காட்டுதே மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க போனுக்கு வயசாயிடுச்சு மாப்பிள்ளை" என்றேன். மரியாதைக்காரப் பிள்ளை, பேசாமல் இருந்துவிட்டார். அங்கேயே எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. தங்கள் வளர்ப்பைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம்.

மூன்றாவது பெட்டி பாழுங்கிணற்றுக் கம்பி வேலியில் இருந்தது. சாவியை அதில் போட்டுவிட்டு நத்தை வடிவத்தில் இருந்த அழி ரப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கையில் நத்தையோடு சந்தைக்குத் திரும்பினால், பன்னிரண்டே முக்கால் ஆகியும் ஒரு கடையும் அடைக்கவில்லை. இந்தச் சந்தையில் மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தால்தான் மத்தியானத்துக்குக் கடை சாத்துவார்கள். தான் முதலில் சாத்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். மணியோ பதினொன்று நாற்பதிலேயே நின்றுவிட்டது. பசியில் முகம் வெளுத்து, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். நடுவில் மணிக்கூண்டைப் பார்த்துக்கொள்ளும் கடிகாரக்காரர், ஒரு கையில் என் அளவு நாடா, மறு கையில் என் கையெழுத்து. என் பெயரையும் பதவியையும் சந்தைக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் அவர் சாவி கொடுத்து ஓட வைக்கிற கடிகாரம் அது. கூண்டுக் கதவின் ஒரே சாவியை அவர் வைக்கும் இடம் அந்த ஆடும் கல், அதைத்தான் நான் எடுத்திருக்கிறேன்.

"யாருய்யா இந்த மேற்பார்வையாளரு? என்னத்தை மேற்பார்வை பார்த்தாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முன்னால் போய் நின்றார். "நான்தாங்க எடுக்கச் சொன்னேன். மாமாவுக்கு ஊர் புதுசு. தப்பு என்னோடது" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

கிணற்றுக்கு ஓடினோம். பெட்டியில் சாவி இல்லை, ஒரு சீப்பு இருந்தது. "சாவி எடுத்தோம், சீப்பு வைத்தோம் - மஞ்சள் தொப்பிக் குடும்பம்" என்று எழுதியிருந்தது. மஞ்சள் தொப்பிகள் நான்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தன. குடும்பத்தலைவர் சட்டம் பேசினார். "சமமா இல்லேன்னா மேலா ஏதாவது குடுங்க, தர்றோம்." நான் நத்தையை நீட்டினேன். சிரித்தார். சிரித்த வாயை மாப்பிள்ளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இடது கடைவாய், கீழ் வரிசை. குளிர்ச்சியா குடிச்சா கூசுதா? இப்படி வெளிச்சத்துக்கு வாங்களேன், ஒரு தட்டு தட்டிப் பார்த்துடறேன்" என்றார். அந்த மனிதர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போனவர் போனவர்தான்.

ஒன்று இருபதுக்கு மணிக்கூண்டில் முள்ளை நகர்த்திப் பன்னிரண்டு அடித்தார்கள். அத்தனை கடைகளையும் ஒரே நேரத்தில் படபடவென்று சாத்தினார்கள்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "என் கையெழுத்துக்கு நான் பொறுப்பு. முப்பத்து நாலு வருஷத்துல என் தப்பை இன்னொருத்தர் ஏத்துக்கிட்டதில்ல. நான் என்ன குழந்தையா?" என்று தெருவிலேயே கத்தினேன். எனக்கு வந்தது கோபம் என்று அப்போது நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பயம். நாலு பேர் நடுவில் நம்மை ஒருவர் தாங்கிப் பிடிக்கும் வயது வந்துவிட்டதா என்ற பயம். மாடி அறையில் இரண்டு பாரங்களை ஏற்றி வைத்துவிட்டு, "பெரியவங்க, விடுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார். அது எனக்கு வேண்டாம்.

ஆகவே நாங்கள் மாடி அறைக்கு வருவதாக இல்லை. என் மனைவி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, மகளும் பேசவில்லை, இருந்தும் இதில் மாற்றம் கிடையாது. பெரியவராகத் தாங்கள் இதைத் தங்கள் புதல்வருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியது. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும், தங்கள் வீட்டுச் சின்னஞ்சிறுசுகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்தார். சந்தையில் புதிதாக ஒரு பெட்டி வைக்க இடம் கேட்டிருந்தாராம், அனுமதி வந்துவிட்டதாம். பெட்டிக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் முழுப்பெயரையும் பதவியையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். காகிதம் நனைந்தால் மாற்றுவது, மூடி உடைந்தால் சரி செய்வது, எவனாவது தவறாக எடுத்துவிட்டால் ஊராருக்குப் பதில் சொல்வது எல்லாம் இனி என் தலையில். "பொறுப்பாளர் பக்கத்துலயே குடியிருக்கணும் மாமா, அதான் விதி. தூரத்துல இருக்கறவங்களுக்குத் தர மாட்டாங்க" என்றார். மாடி அறைக்கு வாருங்கள் என்று இப்போதும் அவர் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. "வெள்ளையடிக்க ஆள் என்னிக்கு வரான் மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன்.