பிறகு அங்கிளும் முப்பது நாள் விதியும்

எந்தப் பேச்சும் முடிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்தத் தீவில் ஒருவர்தான். அவர் எங்கள் பிறகு அங்கிள்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் குறுந்தெரு எங்கள் ஒழுங்கை. அதில் ஐந்து ஃப்ளாட் கட்டடங்கள். எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு கருத்துக்களம். லிஃப்ட் பழுதா, அறை வாடகைக்கா, குடை தொலைந்ததா, ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்டு ஒரு திரி தொடங்கி, அதன் கீழேயே பதில் எழுதுவோம். வேறு ஆள் அகப்படாததால் நான் நிர்வாகி. ஒன்பது வருடமாகச் சுமக்கிறேன், இறக்கி வாங்க ஒருவரும் இல்லை.

அங்கிள் ஓய்வு பெற்ற அரசாங்க எழுதுநர். ஊரே மறந்த பழைய திரியைத் தோண்டியெடுத்து, “பிறகு?” என்று எழுதுவார். உடனே அந்தத் திரி முதல் பக்கத்தில் வந்து குந்திக்கொள்ளும்.

ஒருநாள், ‘நாளை தண்ணீர் வெட்டு’ என்ற நான்கு வருடப் பழைய அறிவித்தலுக்குக் கீழே “தகவலுக்கு நன்றி” என்று எழுதிவிட்டார். திகதியை யார் பார்க்கிறார்கள்? ஒழுங்கை முழுவதும் வாளி, அண்டா, சோற்றுப்பானை என்று நிரப்பியது. மூன்றாம் மாடி டீச்சர் வாஷிங் மெஷினையும் விடவில்லை. மறுநாள் தண்ணீர் வழக்கம்போல் கொட்டியது. ஏச்சு மட்டும் எனக்கு.

இன்னொரு முறை, ஏழு வருடத்துக்கு முன் ஒரு தாய் போட்ட ‘மகனுக்கு மணமகள் தேவை’ திரியில், “பிறகு? சரிவந்ததோ?” என்று விசாரித்தார். மகனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மருமகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, இவருக்கு இன்னும் பொம்பிளை பாக்கினமோ?”

எனக்கு அலுத்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் வைத்தேன். முப்பது நாள் கடந்த திரிகளைப் பூட்டுவது, அதன்பிறகு யாரும் பதில் எழுத முடியாது என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர.

“முப்பது நாளிலை என்ன பிள்ளை முடியும்? லிஃப்ட் திருத்தவே மூண்டு மாசம் போச்சுது.”

“கேட்ட ஆக்களே மறந்திட்டினம் அங்கிள்.”

“அவை மறக்கட்டும். கந்தோரிலை விசயம் முடியாமல் நான் ஒரு ஃபைலும் மூடினதில்லை.”

“அதாலைதான் நாட்டிலை ஒண்டும் முடியேல்லை,” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். அங்கிள் சிரிக்கவில்லை.

“பூட்டினால் நான் எங்கை போய்க் கேக்கிறது?” என்றார். அவர் தனி ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விதி நிறைவேறியது.

ஞாயிறு பின்னேரம் தேநீரோடு உட்கார்ந்து, பழைய திரிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினேன். இடையில் என்னுடையதே வந்தது: ‘அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேவை.’ முதல் வாரம் நாற்பது பதில்கள், ஆளுக்கொரு ஆலோசனை. அதன்பிறகு அங்கிள் மட்டும்தான். “ஆள் கிடைச்சதோ?” இரண்டு மாதம் கழித்து, “அம்மா சாப்பிடுறாவோ?” மழைக்காலத்தில், “அம்மாவுக்குச் சளி குறைஞ்சுதோ?” நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. பழசைக் கிளறுகிறார் என்று எரிச்சல்பட்டதுதான் மிச்சம்.

கடைசிப் பதிலை நான் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அம்மா இறந்து, முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் எழுதியிருந்தார்.

“இனி ஆள் தேவையில்லை எண்டு தெரியும். வீட்டிலை பிள்ளை தனிய இருக்கிறா. நேரத்துக்குச் சாப்பிடுறாவோ?”

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மாதத்தோடு விசாரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நான் அழுதேன். தேநீர் ஆறிப்போயிற்று.

பூட்டிய திரிகளை எல்லாம் திரும்பத் திறந்தேன். தண்ணீர் வெட்டு அறிவித்தலை மட்டும் பூட்டியபடியே விட்டுவிட்டேன், டீச்சருக்காக. பிறகு, ஒன்றரை வருடம் பிந்தி, பதில் எழுதினேன்.

“சாப்பிடுறன் அங்கிள். நாளைக்கு மத்தியானம் நீங்களும் வாங்கோ.”