செம்பருந்துக்கு இரண்டு பிறந்தநாள்

அன்று சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது அவர் நெஞ்சு நாலு அங்குலம் நிமிர்ந்திருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இன்றைக்காவது வீட்டில் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

தைரியத்துக்குக் காரணம் ஒரு வாசகர் கடிதம். அவர் சித்திரக்கதை வார இதழ் ஒன்றில் கேள்வி பதில் எழுதுகிறவர். இதழுக்குச் சோறு போடும் நாயகன் செம்பருந்து, பறந்து பறந்து அடிக்கிற வீரன். ஆறாம் இதழில் அவன் பிறந்தது ஜனவரி ஒன்பது. முப்பத்தோராம் இதழில் ஜூலை இருபத்திரண்டு. "எந்தத் தேதிக்கு வாழ்த்துச் சொல்வது?" என்று ஒரு டீச்சர் கேட்டு எழுதிவிட்டார். கதை எழுதிய இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். இவர்தான் பேனாவைத் திறந்தார். 'தாய் வயிற்றில் பிறந்தது ஜனவரியில். வீரனாய்ப் பிறந்தது ஜூலையில்.' ஆசிரியர் முதுகில் தட்டி, "பொய்யைக்கூடப் பொருத்தமாச் சொல்றீங்கய்யா" என்றார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. தேதி பார்க்காமல் இருமல் மருந்தைக்கூடத் தொடமாட்டாள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?"

அவர் குத்துமதிப்பாய் ஒன்றை எடுத்துவிட்டார்.

"ஏன் இல்லாம? உன் பிறந்தநாள்."

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையணை உறையை ஓர் உதறு உதறினாள்.

"அப்புறம் ஏன் வாழ்த்துச் சொல்லல?"

"அங்கதான் விஷயமே. உனக்குப் பிறந்தநாள் ரெண்டு. உங்கம்மா பெத்தது ஒண்ணு. இந்த வீட்டுக்கு நீ வந்தது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பெரிசு."

"அது என்னைக்கு?"

செம்பருந்திடம் யாரும் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அது இந்த வருஷத்துக் கதையை மட்டும் சொன்னது.

"நல்ல மழை அன்னைக்கு."

"வெயில் தாங்காம உங்க சித்தப்பா மயங்கி விழுந்தாரு."

நிமிர்ந்த நெஞ்சு உள்ளே போய், கூடவே கழுத்தும் போயிற்று. ஊருக்கெல்லாம் தேதி சொல்கிற மனுஷனுக்குத் தன் கல்யாணத் தேதி தெரியவில்லை. கை அவள் மடித்துவைத்த துண்டை எடுத்துக் கலைத்து மறுபடி மடித்தது. அதுவும் கோணலாய் வந்தது.

"மறந்துட்டேன்" என்றார் தரையைப் பார்த்து. "ரெண்டையுமே."

"ம்."

அந்த 'ம்' அவரைக் கூனிக் குறுக வைத்தது. ஒரு வாரம் சமையல் என் பொறுப்பு என்றார். அவள் அடுத்த துணியை எடுத்தாள். ஒரு மாசம் என்றார். உங்கக்கா வந்து பத்து நாள் தங்கட்டும், முகம் சுளிக்கமாட்டேன் என்றார். கேட்காத வரத்தையெல்லாம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"சரி" என்று எழுந்தாள். அலமாரியைத் திறந்து ஒரு புதுச் சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"நேத்து ராத்திரி நீங்க சாப்பிட்டதும் தூங்கிட்டீங்க. எழுப்ப மனசு வரல. என் பிறந்தநாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அப்போ நேத்து?"

"உங்க பிறந்தநாள்."