எண்பத்து நான்காம் பக்கத்துச் சிலுவை

ஹோல்ம்விக், வடக்கு டகோட்டா
ஜூன் 9

எங்கள் தேவாலயத்து நூற்றாண்டுச் சமையல் புத்தகத்தின் பதிப்பாசிரியர், மதிப்புக்குரிய திருமதி மார்லிஸ் த்வைட் அவர்களுக்கு,

ஆர்டிஸ் ஃபோஸ்னெஸ் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், தங்கள் கணவர் மறுபடி கூரைமேல் ஏறவில்லை என்றும் நம்புகிறேன். இங்கு நான் நலம். அந்தச் சொல்லை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும். ஏனென்றால் தங்கள் புத்தகத்தில் எண்பத்து நான்காம் பக்கத்தில், என் ருபார்ப் தண்டு கேக் குறிப்புக்கு மேலே, என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி இருக்கிறது.

போன பதிப்பில் சிலுவை போட்டிருந்தால் ஆள் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். அது ஊருக்கே தெரியும். அதனால்தான் திங்கட்கிழமை காலையில் பக்கத்துப் பண்ணை டெல்மர், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கையில் சூடாக ஒரு கண்ணாடிப் பாத்திரத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ஐயோ, ஆர்டிஸக்கா! நீங்களா கதவைத் திறக்கிறீங்க?"

"பின்னே யாரு திறப்பா?"

"இல்லே, துக்கம் கேக்கலாம்னு வந்தேன்."

"யார் துக்கம்?"

"உங்க துக்கந்தான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பாத்திரத்தில் டூனா மீன் நூடுல்ஸ். வாங்கி வைத்துக்கொண்டேன். உப்பு போதவில்லை. என் சாவுக்கு இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு வயதில் நாற்காலிமேல் ஏறி நின்று மாவு பிசைய ஆரம்பித்தவள் நான், இப்போது எழுபத்தொன்பது. மூடிய துணிக்கடியில் மாவு உப்பி எழுவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, இதை ஹெரால்டு உயிரோடு இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் யார் செத்தாலும் தேவாலயத்து நிலவறையில் போடுகிற சாப்பாட்டுக்கு என் கேக் போகாமல் இருந்ததில்லை. இப்போது யார் எதைக் கொண்டுவருவது என்கிற அட்டவணையிலிருந்து என் பெயரையே எடுத்துவிட்டார்கள். போதகரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா... முடிஞ்சா" என்கிறார். அந்த 'முடிஞ்சா'வை நான் மறக்க மாட்டேன்.

சரி, அச்சுப் பிழை, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். புத்தகத்தில் மொத்தம் ஏழு சிலுவை. ஐந்து பேர் நிஜமாகவே போய்ச் சேர்ந்தவர்கள். ஆறாவது லவோன். புத்தகம் வந்த அன்று மளிகைக் கடையில் என் வண்டியை இடித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனாள். புதன்கிழமை காலையில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏழாவது நான். மார்லிஸ், நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது என் சமையலறையில் கரண்டி நக்கினவள், உன்னிடம் என்ன மரியாதை, நேராகவே சொல்கிறேன். எனக்குப் பயமா இருக்குடி.

இன்னும் கேள். மூன்று நாளாகச் சரியாக மத்தியானம் மூன்று மணிக்கு என் சமையலறையில் வெண்ணெயில் கொட்டைப் பருப்பு வறுபடுகிற வாசனை வருகிறது. அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறேன், ஜில்லென்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வெளியே கோதுமையும் காற்றும்தான், ஒரு ஆள் கிடையாது. நான் பிசைந்த மாவோ எழவே மாட்டேன் என்கிறது. ஈரத்துணிக்குக் கீழே பிணமாட்டம் கிடக்கு. நேற்று அந்த மூன்று மணி வாசனையோடு வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் படியில் என் கண்ணாடித் தட்டு. திருப்பினால் அடியில் ஒட்டிய டேப்பில் என் கையெழுத்திலேயே என் பெயர். அது என் நாத்தனார் போர்கில்டின் அடக்கத்துக்கு நான் கேக் கொண்டுபோன தட்டு. ஆறு வருஷமாகத் திரும்பி வராத தட்டு, எந்த வீட்டுத் தட்டையும் வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு யாரோ ஒரு துண்டு ருபார்ப் கேக்கும் வச்சிருக்கா. சூடா இருந்துச்சு, மார்லிஸ்.

சாப்பிட்டேன். பயந்தாலும் பார்த்த கேக்கை ருசி பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. என் கேக்தான். ஆனால் அதில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் கூடுதல். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பயத்தைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆகவே சனிக்கிழமை லவோனின் அடக்கத்துக்குள் எல்லாப் பிரதியிலும் அந்தச் சிலுவையை அடித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நான் கேக் கொண்டுவருவேன். நடந்தே வருவேன், எல்லாரும் பார்க்கட்டும். தங்கள் அடுப்பு என்றும் அணையாமல், தங்கள் கேக் நடுவில் அமுங்காமல், வீட்டில் எல்லாரும் பசியோடும் சுகத்தோடும் இருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
ஆர்டிஸ் ஃபோஸ்னெஸ்

பி.கு.: மன்னித்துக்கொள். உறையை ஒட்டப்போகும்போதுதான் பார்த்தேன், என் புத்தகத்தில் முதல் இரண்டு தாள் முட்டை வெள்ளையில் ஒட்டிக்கிடந்தது. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். 'சிலுவைக் குறி: கொட்டைப் பருப்பு வகைகள் சேர்ந்தது, ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்' என்று அழகாகப் போட்டிருக்கிறாய். இதே புத்தகத்தில் குறிப்பு இருக்கிற எல்சியும் செத்துத்தான் போனாள், அவளுடைய உருளைக்கிழங்கு ரொட்டிக்குச் சிலுவை இல்லையே, அதைக்கூட நான் யோசிக்கவில்லை பார். லவோனுக்குத் தொண்ணூற்று மூன்று வயது, வேறொன்றும் இல்லை. டெல்மர் ஒரு மடையன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

ஆனால் மார்லிஸ், நம்ம ஊரில் யார் சமையல் குறிப்பு கொடுத்தாலும் ஒரு பொருளை விட்டுவிட்டுத்தான் கொடுப்போம், உனக்குத் தெரியாததா? புத்தகத்துக்காகத் தேவாலயத்துத் தகரப் பெட்டியில் நான் எழுதிப் போட்ட குறிப்பு அட்டையில் பருப்பே கிடையாது. இத்தனை நாள் சிலுவையைத்தான் பார்த்தேன், என் குறிப்பைப் படிக்கவே இல்லை. இப்போது படித்தேன். 'வால்நட் அரை கப், வெண்ணெயில் வறுத்தது' என்று அச்சாகியிருக்கிறது. அதை நான் வாழ்நாளில் ஒருத்தியிடம்தான் சொன்னேன், போர்கில்டிடம். அதற்கு அடுத்த வரியில் 'ஜாதிக்காய் ஒரு சிட்டிகை' என்றும் இருக்கிறது.

அந்த அட்டையை எடுத்துப் பார்த்துச் சொல்லும்மா. அது யார் கையெழுத்து?