பதிவறைக்குப் பகல் வந்த வரலாறு

உலகத்தில் இதுவரை இரண்டு முறைதான் வெளிச்சம் உண்டாக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை குழு எதுவும் அமைக்காமல் அவசரப்பட்டுச் செய்துவிட்டார்கள். அதனால்தான் அதில் பாதி நேரம் இருட்டாக இருக்கிறது. இரண்டாவது முறை எங்கள் அலுவலகத்தில், உரிய குழுவுடனும் உரிய படிவங்களுடனும் உண்டாக்கப்பட்டது. அந்தப் 'பகல்நிற மின்சேமிப்பு விளக்குத் தேர்வுக் குழு'வின் செயலாளர் என்ற முறையில், வருங்காலத் தலைமுறை வழி தவறிவிடக் கூடாதே என்ற கவலையில் இந்த வரலாற்றை எழுதி வைக்கிறேன்.

விஷயம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. பதிவறையில் பல்பு போய்விட்டது. மாடிப்படிக்குப் பின்னால், ஊழியர்களின் பணிப் பதிவேடுகள் இருக்கும் அறை அது. ஜன்னல் ஒன்று உண்டு; அதை மறைத்துக்கொண்டு ஒரு இரும்பு அலமாரி நிற்கிறது. அங்கே வேலை பார்ப்பவரைப் 'பதிவறை அக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பழைய பதிவேடுகளில் இருக்கும் பிறந்த தேதிகளைக் கணினியில் ஏற்றச் சொல்லி, பல்பு போன அதே வாரத்தில் அவருக்கு உத்தரவு வந்தது. பதிவேட்டை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. கைபேசியை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆகவே அக்கா வாசல் வழியாக வந்த வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு, நானூறு பேரின் தேதிகளையும் தாளில் குறித்துக் கணினியில் ஏற்றி முடித்தார்.

அடுத்த வாரமே எங்கள் ஜீப் டிரைவருக்கு ஓய்வு பெறும்படி கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை முடிகிறதாம். மனிதர் ஆடிப்போய் என்னிடம் வந்தார்.

"எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு சார். சின்னவ இப்பதான் பத்தாவது படிக்கிறா. பதிவேட்டை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க."

அக்காவும் கூடவே வந்திருந்தார். பிறந்த வருடத்தின் கடைசி எண் எட்டாக இருக்கும், மை மங்கலாக இருந்ததால் தான் மூன்று என்று படித்துவிட்டோமோ என்று உறுத்துகிறது, ஒரு பல்பு மாட்டிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எலக்ட்ரீஷியன் ஒரு பல்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். வேறு அலுவலகமாக இருந்திருந்தால் விபரீதம் அந்த நிமிடமே நடந்து முடிந்திருக்கும். நல்லவேளையாக மேலாளர் அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன கலர் அது?"

"மஞ்சள் சார். கைவசம் இதுதான் இருக்கு."

மேலாளர் அவரை இறங்கச் சொன்னார். ஒரு மனிதரின் வயதைப் போயும் போயும் மஞ்சள் வெளிச்சத்திலா பார்ப்பது? அலுவலக வேலைக்கு உகந்தது பகல்நிற விளக்கு. அதிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற விளக்கு. இதை அவர் முந்தின வாரம்தான் ஒரு பயிலரங்கில் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அன்று மாலையே குழு அமைந்தது. மேலாளர் தலைவர், ஸ்டோர்கீப்பர் உறுப்பினர், அடியேன் செயலாளர்.

மாதிரி பல்பு வந்தது. அட்டைப்பெட்டியில் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் என்று போட்டிருந்தது. அது நிறத்துக்கான அளவு, சூட்டுக்கு அல்ல என்று எலக்ட்ரீஷியன் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தார். ஸ்டோர்கீப்பருக்கு மனம் ஆறவில்லை. அவ்வளவு டிகிரி என்றால் ஃபைல் எல்லாம் சாம்பலாகிவிடாதா என்று கேட்டார். பொறுப்பான கேள்வி. எனவே தீயணைப்புக் கருவி வந்து சேரும்வரை ஒன்பது நாள் பல்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தோம். டிரைவர் தினமும் காலையில் வந்து வாசலில் நின்று எங்களைப் பார்ப்பார். குழுவின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

கருவி வந்ததும் முக்கியமான கேள்வி எழுந்தது. பகல்நிறம் பகல்நிறம் என்கிறார்களே, இது பகலைப் போல இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பகலோடு வைத்துப் பார்த்தால்தானே தெரியும். இந்த ஆழமான யோசனை மேலாளருடையது. பதிவறை அன்றைக்குச் 'சோதனைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து அலமாரியை நகர்த்தி ஜன்னலைத் திறந்தார்கள். வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. அக்கா பதிவேட்டை இழுத்து எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றார் மேலாளர். "இது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான வெளிச்சம். படிக்கிறதுக்கு இல்ல."

"அஞ்சே நிமிஷம் சார்."

"நீங்க நின்னா நிழல் விழும். நிழல் விழுந்தா சோதனையே கெட்டுடும்."

பதிவேட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அக்காவை வராந்தாவில் உட்காரச் சொன்னோம். பிறகு சோதனை முறைப்படி நடந்தது. பத்து மணிக்கு வந்த பகல் லேசான மஞ்சள். பன்னிரண்டுக்கு வெள்ளை. மேகம் ஒன்று குறுக்கே போனதும் சாம்பல். நாலரைக்கு ஆரஞ்சாகவே ஆகிவிட்டது. மாதிரி பல்போ காலையிலிருந்து ஒரே நிறம். பதிவேடு முழுநாளும் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. டீ கிளாசை அதன்மேல்தான் வைத்திருந்தேன். மாலையில் குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: 'பகலானது நிர்ணயிக்கப்பட்ட பகல்நிறத்துக்குப் பொருந்தி வரவில்லை. எனவே பகல் நிராகரிக்கப்படுகிறது. பல்பு ஏற்கப்படுகிறது.' அலமாரி பழையபடி ஜன்னலை மூடியது. மொத்த பல்புகளும் வரும்வரை மாதிரி பல்பு பெட்டிக்குள் திரும்பிப் போனது.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்களே சார்," என்றார் எலக்ட்ரீஷியன். வெண்ணெயும் நெய்யும் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

இதற்கிடையில் மின்சிக்கன அறிக்கை வந்து சேர்ந்தது. எல்லா அறைகளும் மின்சாரத்தை இஷ்டத்துக்கு விழுங்கியிருக்க, பதிவறை மட்டும் மூன்று வாரமாக விளக்குக்கு ஒரு யூனிட்கூடச் செலவழிக்கவில்லை. மேலாளர் நெகிழ்ந்துபோனார். தாமே பதிவறைக்கு நேரில் போய், அக்காவிடம் 'சிறந்த சிக்கனப் பணியாளர்' சான்றிதழை நீட்டினார். அக்கா அதை மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

மாதத்தின் கடைசி நாளன்று மொத்த பல்புகளும் வந்தன. கடையிலிருந்து ஜீப்பில் ஏற்றிவந்தவர் நம் டிரைவர்தான், ஒன்றுகூட உடையவில்லை. ஓய்வு ஆணையில் மேலாளர் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். சிக்கனம் கருதி விளக்குத் திறப்பு விழாவையும் பிரிவுபசார விழாவையும் பதிவறையிலேயே ஒன்றாக வைத்துக்கொண்டோம். டிரைவர் கையில் பூங்கொத்து. பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்றோம். மேலாளர் சுவிட்சைப் போட்டார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. நேராகப் போய்ப் பதிவேட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார், மேஜையில் விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "எட்டேதான்," என்றார். "சந்தேகமே இல்ல. என்ன துல்லியமா தெரியுது பாத்தீங்களா."

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். எல்லோருக்கும் எட்டுதான் தெரிந்தது.

"அப்ப நான் நாளைக்கு வரலாமா சார்?" என்று டிரைவர் கேட்டார்.

மேலாளர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். கையெழுத்தான ஆணை கையெழுத்தான ஆணைதான் என்றும், அதை மாற்றுவது தம் கையில் இல்லை என்றும், மேலிடத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் இதற்கென்றே ஒரு குழு போடுவார்கள் என்றும் சொன்னார். டிரைவர் சிறிது நேரம் எட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜீப் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

குழுவின் இறுதி அறிக்கையை அன்றே எழுதினேன். விளக்கு எல்லா வகையிலும் திருப்தி. மங்கிய மையில் எழுதிய எட்டுகூட எட்டாகவே தெரிகிறது. பன்னிரண்டு பேர் நேரில் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். குறை ஒன்றே ஒன்று, அதையும் கடைசி வரியாகச் சேர்த்தேன்: 'இருட்டாக இருந்தவரை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது, இனி அந்த வசதி இல்லை.'

அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடும்படி மேலாளர் சொன்னார். அடித்துவிட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்ததால் கோடு கொஞ்சமும் கோணவில்லை.